கேசட் காலத்து விளையாட்டுகள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய டிவி கேம்களைக் கணினியில் ஆடுவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: 1990களில் எங்கள் வீட்டில் ஒரு டிவி கேம் இருந்தது. மரியோ, கான்ட்ரா, டேங்க், ரோடு ஃபைட்டர் என்று கோடை விடுமுறை முழுவதும் அதன் முன்னால்தான் கழியும். அவற்றை என் மகனுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். எமுலேட்டர் இருந்தால் கணினியிலேயே ஆடலாம் என்கிறார்கள். அது என்ன? என்னிடம் உள்ள பத்தாண்டுப் பழைய கணினியில் அது ஓடுமா?
– வங்கி ஊழியர், காட்பாடி

பதில்: தாராளமாக ஓடும். நீங்கள் குறிப்பிடும் விளையாட்டுகளை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் இருந்த பெட்டி, நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கன்சோலின் நகலாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கன்சோலில் இருந்தது நொடிக்கு 18 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவான துடிப்புகளில் இயங்கிய 8 பிட் செயலி. அதன் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். திரையில் அது வரைந்த படம் 256க்கு 240 புள்ளிகள்.

எமுலேட்டர் என்பது இந்தப் பெட்டியின் வேலையைக் கணினிக்குள் செய்து காட்டும் ஒரு மென்பொருள். விளையாட்டில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தப் பழைய செயலி என்ன செய்திருக்குமோ அதையே செய்கிறது. அத்துடன் படம் வரைந்த சில்லும் ஒலி எழுப்பிய சுற்றும் அதே நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் நடத்திச் செல்கிறது. இந்த ஒத்திசைவுதான் கடினமான பகுதி. ஆயினும், 1997இல் வெளிவந்த நெஸ்டிகல் என்ற எமுலேட்டர் அக்காலத்துப் பென்டியம் கணினிகளிலேயே நன்றாக ஓடியது. உங்கள் கணினிக்கு இது ஒரு பாரமே இல்லை.

இன்று கிடைப்பவற்றுள் மெசென் என்பதை முதலில் முயன்று பாருங்கள். இலவசமானது, மூல நிரல் திறந்தது, பழைய பெட்டியின் நடத்தையை மிகுந்த நுட்பத்தோடு பின்பற்றுவது. கணினி மிகவும் தளர்ந்துபோயிருந்தால் எஃப்சிஇயுஎக்ஸ் போதும். பலர் ரெட்ரோஆர்க்கைப் பரிந்துரைப்பார்கள். ஒரே மென்பொருளுக்குள் பல கன்சோல்களை அடக்கிக்கொள்ளும் அருமையான ஏற்பாடு அது. ஆனால் அதன் பட்டியல்களும் அமைப்புகளும் புதியவரைத் திணறடித்துவிடும் என்பதால் முதல் மாதத்தில் அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

எமுலேட்டரோடு விளையாட்டு எதுவும் சேர்ந்து வராது. கேசட்டுக்குள் இருந்த தகவலின் படியான 'ரோம்' கோப்பு தனியாக வேண்டும். சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. கான்ட்ராவுக்கு 128 கிலோபைட். உங்கள் கைப்பேசி எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றின் இடத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட மரியோக்களை வைக்கலாம். எட்டு உலகங்களையும் அவற்றின் இசையையும் அவ்வளவு சிறிய இடத்துக்குள் அடக்கியவர்களின் கைத்திறனை மகனுக்குச் சொல்லிக் காட்டுங்கள். அந்தக் கோப்பை எங்கிருந்து பெறலாம், எங்கிருந்து பெறக்கூடாது என்பதைக் கீழே ராணிப்பேட்டை வாசகருக்கு எழுதிய பதிலில் காண்க.

கேள்வி: எமுலேட்டர் போட்டு மரியோ ஆடிப் பார்த்தேன். படமும் சத்தமும் அதேதான். ஆனால் யாரோ பின்னாலிருந்து விரட்டுவது போல் எல்லாம் வேகமாக நடக்கிறது. பாட்டும் ஓடுகிறது. சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளங்களில் இப்போது விழுகிறேன். எனக்கு வயதாகிவிட்டதா, அல்லது எமுலேட்டரில் கோளாறா?
– பட்டுச் சேலை நெசவாளர், ஆரணி

பதில்: இரண்டும் இல்லை ஐயா. உங்கள் காதும் கையும் சரியாகவே நினைவு வைத்திருக்கின்றன. வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அக்காலத் தொலைக்காட்சிகள் என்டிஎஸ்சி முறையில் இயங்கின. அந்த முறையில் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். இந்தியாவில் நாம் ஏற்றுக்கொண்டது 'பால்' (PAL) முறை. அதில் 50 முறைதான். ஃபேமிகாம் விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளப்பதில்லை. திரை ஒரு முறை புதுப்பிக்கப்பட்டால் மரியோ ஓர் அடி நகர வேண்டும், இசை ஓர் அடி முன்னே செல்ல வேண்டும் என்றுதான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே நொடிக்கு 60 படங்கள் வரும் நாட்டில் விளையாட்டு ஒரு வேகத்திலும், 50 படங்கள் வரும் நாட்டில் அதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலும் நடந்தது. 30 படங்கள் நீடிக்கும் ஒரு தாவல் அங்கே அரை விநாடியில் முடிந்துவிடும். நம் வீட்டில் அது 0.6 விநாடி எடுத்துக்கொண்டது. பள்ளத்தின் விளிம்பில் எப்போது பித்தானை அழுத்த வேண்டும் என்று உங்கள் விரல் கற்றுக்கொண்டது இந்த 0.6 விநாடியை வைத்துத்தான்.

இனி பாட்டைப் பார்ப்போம். நின்டெண்டோ நிறுவனம் ஐரோப்பாவுக்காகச் செய்த 50 படக் கன்சோலில் செயலியின் துடிப்பையும் 1.66 மெகாஹெர்ட்ஸாக, அதாவது நொடிக்கு 16.6 இலட்சமாக, குறைத்துவிட்டது. அதனால் அங்கே இசையின் வேகம் குறைந்ததோடு சுருதியும் இறங்கிப்போயிற்று. நகல் பெட்டிகளுக்கான சில்லுகளைச் செய்தவர்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். செயலியின் துடிப்பை ஏறக்குறைய ஜப்பானியப் பெட்டியின் அளவிலேயே, அதாவது 1.79க்குப் பதில் 1.77 மெகாஹெர்ட்ஸில், வைத்துக்கொண்டு, படத்தின் 262 வரிகளை மட்டும் 312 ஆக நீட்டினார்கள். கூடுதலாகச் சேர்ந்த அந்த வரிகளில் எதுவும் வரையப்படுவதில்லை. படம் வரைந்து முடிந்த பின்னும், அடுத்த படத்துக்கான அறிவிப்பு செயலிக்குப் போகும் முன்னும் வெறுமனே காத்திருக்கும் நேரம் அது. இதனால் ஜப்பானுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் உள்ளுக்குள் தடுமாறாமல் ஓடின. ஒலியின் சுருதியைத் தீர்மானிப்பது செயலியின் துடிப்பு என்பதால், சுருதி கலையாமல் காலப்பிரமாணத்தை மட்டும் தளர்த்திப் பாடிய பாட்டு போல, மரியோவின் இசை நம் வீடுகளில் நிதானமாக ஒலித்தது. ஜப்பானில் 50 விநாடிகளில் முடியும் பகுதி இங்கே 60 விநாடிகள் ஒலித்தது.

நம் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி விற்கப்பட்ட நகல் பெட்டிகள் பெரும்பாலும் இத்தகையவை. ஜப்பானுக்கென்றே செய்த பெட்டியைக் கொண்டுவந்து இங்குள்ள பழைய டிவியில் மாட்டியிருந்தால் வண்ணம் வந்திருக்காது. படமும் நிலைகொள்ளாமல் உருண்டிருக்கும்.

எமுலேட்டர்கள் பொதுவாக 60 படக் கணக்கில்தான் தொடங்குகின்றன. இதை மாற்றிக்கொள்ளலாம். மெசெனின் அமைப்புகளில் என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பெயர்) பகுதிக்குள் 'ரீஜன்' என்ற இடத்தைத் திறந்தால் என்டிஎஸ்சி, பால், டெண்டி என்ற தேர்வுகள் தெரியும். எஃப்சிஇயுஎக்ஸிலும் இவை உண்டு. நம் நாட்டு முறை அதுதானே என்று 'பால்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது சுருதி இறங்கிய ஐரோப்பியக் கன்சோல். டெண்டி என்பது 1992 முதல் ரஷ்யாவில் விற்ற ஒரு நகல் பெட்டியின் பெயர். மேலே சொன்ன 312 வரி முறையைத்தான் எமுலேட்டர் எழுதுபவர்கள் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மீண்டும் அதே பள்ளத்தைத் தாண்டிப் பாருங்கள். படம் இடையிடையே வெட்டுவது போலத் தெரிந்தால், விண்டோஸின் திரை அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லா மானிட்டர்களும் இதற்கு இடம் தருவதில்லை. கணினியை எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இந்த 50 பட ஓட்டத்தைப் பிழையானது என்று வெளிநாட்டு ஆர்வலர்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். விளையாட்டை எழுதியவர்கள் நினைத்த வேகம் 60 என்பது உண்மையே. ஆனால் ஆரணியிலும் செய்யாறிலும் போளூரிலும் ஒரு தலைமுறை ஆடியது இந்த விளையாட்டைத்தான். அதை அதே வேகத்தில் கேட்க விரும்புவதில் தவறு எதுவும் இல்லை. இன்னும் அந்தப் பெட்டியைப் பரணில் வைத்திருப்பவர்கள், அதைத் திறந்து சில்லுகளின் மேல் உள்ள எண்களையும் அட்டைப் பெட்டியின் படங்களையும் எடுத்து வைக்குமாறு வேண்டுகிறேன். நம் ஊர்க் கடைகளில் விற்ற பெட்டிகளைப் பற்றிய பதிவு நம்மைத் தவிர வேறு யாரிடமிருந்தும் வரப்போவதில்லை.

கேள்வி: எமுலேட்டர் வைத்துக்கொள்வது சட்டப்படி சரியா? ரோம் கோப்புகளை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாமா? பல இலட்சம் விளையாட்டுகள் என்று அச்சிட்ட மஞ்சள் கேசட் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அது கையில் இருப்பதால் எனக்கு உரிமை உண்டு என்று நண்பர் சொல்கிறார்.
– தொழிற்சாலை ஊழியர், ராணிப்பேட்டை

பதில்: எமுலேட்டரையும் விளையாட்டுக் கோப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எமுலேட்டர் மென்பொருளை எழுதுவதும் பயன்படுத்துவதும் அதனளவில் குற்றமில்லை. பிளேஸ்டேஷன் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருளை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், ஒரு மென்பொருளோடு இசைந்து இயங்கும் இன்னொன்றை உருவாக்குவதற்குத் தேவையான ஆய்வுகளை 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது.

விளையாட்டுக் கோப்பின் நிலை வேறு. சட்டப்படி பெற்ற மென்பொருளின் படி ஒன்று உங்களிடம் இருந்தால், அது கெட்டுப்போகும் நாளுக்காகக் காப்புப் படி எடுத்துக்கொள்ளவும், வணிக நோக்கமின்றிச் சொந்தப் பயனுக்காகப் படி எடுத்துக்கொள்ளவும் அதே 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சலுகையின் அடிப்படை, முதற்படி நேர்மையாக வந்திருக்க வேண்டும் என்பது. உங்கள் மஞ்சள் கேசட் அந்தத் தேர்வில் தேறாது. விளையாட்டை உருவாக்கியவர்களிடம் உரிமம் பெறாமல் செய்யப்பட்டது அது. அதில் பல இலட்சம் விளையாட்டுகளும் இல்லை. சில விளையாட்டுகளையே தொடங்கும் ஸ்டேஜையும் லைஃப் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் பட்டியலிட்டிருப்பார்கள். அன்று நாம் அறியாமல் வாங்கினோம் என்பதால் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அது இன்று நமக்கு எந்த உரிமையையும் தராது. பழையதாகிவிட்டால் உரிமை போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. நம் சட்டத்தில் பதிப்புரிமைக் காலம் அறுபது ஆண்டுகள் என்ற அளவில் நீளுகிறது. 1985இல் வந்த மரியோவுக்கு அது முடிய இன்னும் நெடுநாள் இருக்கிறது.

நேர்வழிகள் உண்டு. கோனாமி நிறுவனம் 2019இல் வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன் என்ற தொகுப்பைக் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையதளத்தில் விலை கொடுத்து வாங்கலாம். நாம் ஆடிய கான்ட்ராவும் அதற்கு முந்தைய ஆர்கேடு (காசு போட்டு ஆடும் கடைப் பெட்டி) வடிவமும் அதில் இருக்கின்றன. தள்ளுபடிக் காலங்களில் இத்தகைய தொகுப்புகளின் விலை நன்றாக இறங்கும். தவிர, இந்தப் பழைய கன்சோலுக்கென்றே இன்றைக்கும் புதிய விளையாட்டுகளை எழுதுகிற ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நோவா த ஸ்குவிரல் என்பது அவ்வாறு எழுதப்பட்டு, மூல நிரலோடு இலவசமாக வழங்கப்படும் விளையாட்டு. எமுலேட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கு அதையே பயன்படுத்தலாம்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. பணம் கொடுத்து வாங்கத் தயாராக இருப்பவருக்கும் வழியில்லை. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை நியாயமான விலைக்கு விற்றால், நம் ஊரிலும் வாங்க நிறையப் பேர் இருக்கிறோம்.

கேள்வி: ஒரு தளத்தில் கான்ட்ரா விளையாட்டை இறக்கினேன். 'இன்ஸ்டால்' செய்யச் சொல்லி, வைரஸ் தடுப்பை நிறுத்தவும் கேட்கிறது. செய்யலாமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

பதில்: வேண்டாம் தம்பி, உடனே அழித்துவிடு. இந்தக் கன்சோலின் ரோம் கோப்பு என்இஎஸ் என்று முடியும். அது எமுலேட்டருக்குள் திறக்கப்படுவது. தானாக ஓடவோ நிறுவப்படவோ வேண்டிய அவசியம் அதற்குக் கிடையாது. 128 கிலோபைட் விளையாட்டுக்குப் பல மெகாபைட் அளவில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு வந்தால், உள்ளே இருப்பது வேறு ஏதோ ஒன்று. எமுலேட்டரையும் அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை இயக்கிவிட்டாய் என்றால், கணினியை முழுமையாகச் சோதித்துவிட்டு, மின்னஞ்சல் கடவுச்சொல்லை வேறொரு கருவியிலிருந்து மாற்று.

கேள்வி: நானும் என் தம்பிகளும் சேர்ந்து பணம் போட்டு வாங்கிய பிஎஸ்2 இன்னும் இருக்கிறது. லென்ஸ் போய்விட்டதால் எந்த டிஸ்க்கையும் படிப்பதில்லை. டிஸ்க்குகளும் மெமரி கார்டும் பத்திரமாக உள்ளன. ஐ3 செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்ட என் மடிக்கணினியில் அவற்றை ஆட முடியுமா?
– காலணித் தொழிற்சாலை மேற்பார்வையாளர், ஆம்பூர்

பதில்: இது காட்பாடி வாசகரின் 8 பிட் பெட்டியைக் காட்டிலும் பலமடங்கு கனமான வேலை. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2இல் ஏறக்குறைய 295 மெகாஹெர்ட்ஸ் செயலியும், அதனோடு சேர்ந்து கணக்கிடும் இரண்டு வெக்டர் அலகுகளும், தனியாக ஒரு படச் சில்லும் இருந்தன. அவற்றை ஒரே நேரத்தில் பின்பற்ற வேண்டும். இதற்கான எமுலேட்டர் பிசிஎஸ்எக்ஸ்2. பல ஆண்டுகளாக வளர்ந்துவந்த அந்த மென்பொருளின் 2.0 பதிப்பு 2024இல் வெளியானது. ரேமை 8 ஜிபியாக உயர்த்திக்கொள்ளுங்கள். படத்தின் நுட்பத்தைக் கூட்டும் அமைப்பைத் தொடாமல், கன்சோலின் இயல்பான அளவிலேயே விடுங்கள். அப்படிச் செய்தால் எளிய விளையாட்டுகள் ஓடக்கூடும். கார்ப் பந்தயம் போன்றவை திணறலாம். டிஸ்க்குகளில் முதல் பிளேஸ்டேஷனுக்கு உரியவை இருந்தால், டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரில் இதே மடிக்கணினியில் நன்றாகவே ஆடலாம்.

எமுலேட்டருக்கு, பெட்டியைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸ் என்ற கோப்பு தேவை. அது சோனிக்கு உரிமையானது என்பதால் எமுலேட்டரோடு தரப்படுவதில்லை. இணையத்தில் தேடி எடுக்காமல், உங்கள் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் போயிருந்தாலும் இது முடியும். ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள் பதிந்த மெமரி கார்டு ஒன்றைச் செருகினால், டிஸ்க் இல்லாமலேயே பெட்டி அதிலிருந்து தொடங்கும். பிறகு பென் டிரைவிலுள்ள சிறு கருவிகளைக் கொண்டு பயாஸைப் படி எடுக்கலாம். 90000 வரிசை எண் கொண்ட கடைசி ஸ்லிம் பெட்டிகளுள் பெரும்பாலானவற்றில் மட்டும் இந்த வழி செல்லாது. அடியில் ஒட்டியுள்ள தாளில் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே வழியில் பழைய மெமரி கார்டிலுள்ள சேமிப்புகளையும் பென் டிரைவுக்கு மாற்றிவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விளையாட்டுகளுக்கு முன்னால் இதைத்தான் செய்வேன். டிஸ்க்கை இன்னொரு இடத்தில் வாங்கிவிடலாம். தம்பிகளோடு சேர்ந்து முடித்த ஸ்டேஜ்கள் அந்த 8 மெகாபைட் கார்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

டிஸ்க்குகளைக் கணினியின் டிவிடி ரைட்டரில் இட்டு, டிவிடியாக இருந்தால் ஐஎஸ்ஓ கோப்பாகவும், சிடியாக இருந்தால் 'பின்' (bin), 'கியூ' (cue) என்ற இணைக் கோப்புகளாகவும் எடுக்க வேண்டும். துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகச் சுற்றித் துடைக்காதீர்கள். சிப் போட்ட பெட்டியில் ஆடுவதற்காக வாங்கிய நகல் டிஸ்க்குகளுக்கு ராணிப்பேட்டை வாசகருக்குச் சொன்னதே பொருந்தும்.

நம் பக்கத்து வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வேலூரும் ஆம்பூரும் தகிக்கும்போது, மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நன்றாக ஓடிய விளையாட்டு அரைமணி நேரத்தில் இழுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் காரணம் அதுதான். விசிறியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்து, மெத்தை மேல் வைக்காமல் மேசையில் வைத்து ஆடுங்கள்.

கேள்வி: பேரனுக்காகப் பழைய டிவி கேமை எடுத்துத் துடைத்துப் புது எல்இடி டிவியில் மாட்டினேன். மற்றவை ஓடுகின்றன. வாத்துச் சுடும் விளையாட்டில் மட்டும் துப்பாக்கி ஒரு வாத்தையும் வீழ்த்தவில்லை. துப்பாக்கி பழுதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சத்துவாச்சாரி

பதில்: துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம் அம்மா. மாறியது டிவி. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கண். விசையை அழுத்தியதும் விளையாட்டு ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டத்தை வரையும். முதலில் இருளையும் அடுத்து வெளிச்சத்தையும் துப்பாக்கி கண்டால் வாத்து விழுந்ததாகக் கணக்கு. இரண்டு வாத்துகள் இருந்தால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கணத்தில் வெளிச்சம் தெரிந்தது என்பதைக் கொண்டு எந்த வாத்து என்று அறிந்துகொள்ளும். நாம் பார்க்கும் சிறு மின்னலுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

பிக்சர் டியூப் டிவியில் ஒரு கற்றை ஒவ்வொரு வரியாக, நொடிக்கு ஏறத்தாழ 15,000 வரிகள் வீதம் வரைந்துகொண்டு போகும். நின்டெண்டோவின் துப்பாக்கி அந்தத் துடிப்புள்ள வெளிச்சத்தையே தேடும்படி அமைக்கப்பட்டது. எல்இடி டிவியில் அப்படிப்பட்ட கற்றை இல்லை. மேலும், வந்த படத்தை அது சிறிது நேரம் தன்னிடம் வைத்துப் பக்குவப்படுத்திய பிறகே காட்டுகிறது. விளையாட்டு எதிர்பார்க்கும் கணம் அதற்குள் கடந்துவிடும். பழைய டிவி யாரிடமாவது இருந்தால் மாட்டிப் பாருங்கள், வாத்துகள் விழும். கணினி எமுலேட்டரில் மவுஸ் அம்பையே துப்பாக்கியாக வைத்துக்கொள்ளலாம். பேரனுக்கு அதிலும் மகிழ்ச்சி கிடைக்கும். ஆயினும் குறிபார்க்கும் அனுபவத்துக்கு அது ஈடாகாது.

கேள்வி: கணினியை டிவியில் இணைத்து ஆடும்போது பித்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே மரியோ தாவுகிறார். ஏன்?
– கடை உரிமையாளர், ஆற்காடு

பதில்: மேலே சொன்ன அதே தாமதம்தான். டிவியின் பட அமைப்பில் 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அலங்கார வேலைகளை நிறுத்திவிட்டுப் படத்தை உடனே காட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இன்னும் குறைக்க வேண்டுமென்றால், கம்பியில்லா ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கம்பியுள்ளதைப் பயன்படுத்துங்கள். மெசெனிலும் ரெட்ரோஆர்க்கிலும் 'ரன் அஹெட்' என்ற வசதி உண்டு. விளையாட்டு தன் இயல்பிலேயே வீணாக்கும் ஒரு படத்தின் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அது மீட்டுத் தருகிறது. அதில் 1 என்ற எண்ணுக்கு மேல் வைத்தால் சில விளையாட்டுகளில் அசைவுகள் தாவித் தாவித் தெரியும்.

கேள்வி: ஆடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்தா?
– பள்ளி மாணவி, வாணியம்பாடி

பதில்: வேண்டியதில்லை. எமுலேட்டரில் 'சேவ் ஸ்டேட்' என்ற வசதி, அந்தக் கணத்தில் பெட்டியின் நினைவகம் முழுவதும் எப்படி இருந்ததோ அப்படியே கோப்பாக எழுதி வைத்துவிடும். ஸ்டேஜ் முடியும்போதெல்லாம் ஒரு முறை அதைச் செய்துகொள். ஆனால் அதை மட்டுமே நம்பாதே. எமுலேட்டரின் புதிய பதிப்பில் பழைய ஸ்டேட் கோப்பு திறக்காமல் போவதுண்டு. விளையாட்டுக்குள்ளேயே சேமிக்கும் இடம் இருந்தால் அதையும் பயன்படுத்து. அக்காலக் கேசட்டுகளில் அதற்காகச் சிறு பேட்டரி வைத்திருந்தார்கள். எமுலேட்டர் அந்தச் சேமிப்பைத் தனிக் கோப்பாக வைக்கிறது, அது பதிப்பு மாறினாலும் செல்லும்.

கேள்வி: பழைய டிவி கேமின் ஜாய்ஸ்டிக்கைக் கணினியில் மாட்ட முடியுமா? 9 முனை கொண்ட பிளக் இருக்கிறது.
– மின்பணியாளர், வாலாஜாபேட்டை

பதில்: நேராக மாட்டக்கூடாது. பழைய கணினிகளின் பின்புறம் இருக்கும் சீரியல் போர்ட்டில் அதே வடிவ பிளக் பொருந்திவிடும். ஆனால் மின்னழுத்தம் வேறு, ஜாய்ஸ்டிக் பழுதாகும். அதன் உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு: எட்டுப் பித்தான்களின் நிலையையும் ஒரு சில்லு பிடித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்புகிறது. 5 வோல்ட், தரை ஆகிய இரண்டு போக, லாட்ச், கிளாக், டேட்டா என்ற மூன்று கம்பிகளே தேவை. உங்கள் தொழிலுக்கு இது பழகிய வேலைதான். யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தன்னைக் காட்டிக்கொள்ளக்கூடிய ஆர்டுயினோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, இந்த ஐந்தையும் இணைத்து, அதற்கான நிரலை ஏற்றினால் போதும். கம்பிகளின் நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால், நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்திருக்கும்போதே பித்தான்களின் அடியிலுள்ள கறுப்பு ரப்பரையும், அது தொடும் தகட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். அழுத்தி அழுத்தித் தேய்ந்த பித்தான்கள் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.